சத்தமில்லாத வெளிச்சமும் சம்பந்தி பார்த்து வைத்த வேலையும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முதுகைத் தவிர அனைவரும் சௌக்கியம்.

உங்கள் மருமகளான என் மகளுக்கு உங்கள் ஊர்க் கல்லூரியில் வேலை பார்த்து வைத்திருப்பதாகவும், இந்த ஆராய்ச்சி ஊத்திக்கொண்டால் அவள் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே வந்துவிட வேண்டும் என்றும் போன வாரம் சொன்னீர்கள். இன்று காலை அதற்கு முடிவு தெரிந்துவிட்டது. அவளுடைய ஆய்வுக்கூட வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

கூடத்தை மூடுவதா வேண்டாமா என்று பார்க்கப் பதினொரு மணிக்கு மூன்று பேர் குழு வந்தது. அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்கப் போன என்னை, மறுபடி கதவைத் திறந்தால் காற்று ஆடி அளவு கெடும் என்று உள்ளேயே முக்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். சாதாரண வெளிச்சம் தகரக் கூரையில் விழும் மழை மாதிரி சடசடவென்று இரைச்சலோடு வருமாம். அதைப் படிகத்துக்குள் விட்டு அடக்கி எடுத்தால், கண்ணாடி இழையில் அனுப்பும் சன்னமான செய்திகூடத் தெளிவாகப் போய்ச் சேருமாம். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரைச்சலோடு மாரடித்த எனக்கு அதன் அருமை தெரியாதா? திரையில் இரைச்சலைக் காட்டும் கோடு பாதிக்குக் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான். இறங்கினால்தானே! பக்கத்தில் லிஃப்ட் ஏறினால் கோடும் ஏறுகிறது. ஏசியை அணைத்தார்கள், எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், உங்கள் மருமகள் நகத்தைக் கடிக்கிறாள், இந்த நேரம் பார்த்தா எனக்குத் தும்மல் வர வேண்டும்? தும்மினால் அவளுடைய மூன்று வருட உழைப்பு போச்சு. மூக்கைப் பொத்தி, கருவிகள் இருந்த மேஜையில் சாய்ந்து, கண்ணில் நீர் முட்ட அடக்கிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் கோடு மளமளவென்று இறங்கித் திரையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது! தலைவர் எழுந்து கைதட்டி, கூடத்தை மூட வேண்டாம் என்று நின்ற இடத்திலேயே கையெழுத்தும் போட்டார்.

ஆகவே, அந்தக் கல்லூரி வேலையைத் தாராளமாக வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து நிற்கும் தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், அவள் வெளுத்த முகத்தோடு வந்து நின்றாள். மேஜைமேல் ஒரு சின்னக் கண்ணாடி திரும்பியிருந்ததாம். அளக்கும் கருவிக்கு வெளிச்சமே போகவில்லையாம்; பிறகு இரைச்சல் எங்கிருந்து வரும்? கண்ணாடியைத் திருப்பியது யார் என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம்.

"கையெழுத்துதான் போட்டாச்சேம்மா, பேசாம இருந்துடேன்" என்றேன்.

"இருட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கச் சொல்றீங்களாப்பா?" என்றவள், கீழே டீ குடித்துக்கொண்டிருந்த தலைவரிடம் நேரே போய், "சார், அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடுங்க" என்றாள். அவரும் கிழித்துவிட்டார். நாளை பத்து மணிக்கு மறுபடி பார்ப்பார்களாம். என்னை அந்தத் தெருப்பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

நாளை என்ன ஆகுமோ தெரியாது சம்பந்தி. ஆனால் அவர்கள் கைதட்டியபோது இல்லாத கர்வம் இப்போதுதான் வருகிறது. அந்த வேலையை மட்டும் நாளை மத்தியானம் வரை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.