தட்டை வடையும் என் வாய்ப்புண்ணும்

மனுசனுக்கு எந்த நோயும் வரலாம், வாய்ப்புண் மட்டும் வரக் கூடாது. காய்ச்சல் என்றால் "பாவம்" என்பார்கள். வாய்ப்புண் என்று சொல்லிப் பாருங்கள், உடனே உங்கள் நடத்தையை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

எனக்கு அது வந்தது, கொட்டாஞ்சேனைக்குப் பொம்பிளை பார்க்கப் போகவிருந்த வாரத்தில். நாக்கின் ஓரத்தில், நடுவில் வெள்ளையும் சுற்றிச் சிவப்புமாக. பெண்ணின் பெயர் வதனி. படத்தைப் பார்த்த அன்றே கட்டினால் இவளைத்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். (வதனியின் முடிவை யாரும் கேட்கவில்லை, அது வேறு விசயம்.)

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் அது லிஃப்டில் ஏறி எல்லா மாடிக்கும் போய்விடும். விடிய விடிய போன் பார்த்த சூடுதான் காரணம் என்றார் அம்மா. மேல்மாடி பரிமளம் அன்ரி, நான் காலையில் ஒழுங்காகக் கக்கூசுக்குப் போகிறேனா என்று லிஃப்டுக்குள் ஆட்கள் நிற்கக் கேட்டார். (எனக்கு இருபத்தொன்பது வயது, கழுத்தில் டை வேறு.) காலி வீதி மருந்துக்கடைக்காரர் வெற்றிலை போடுகிறேனா என்று சிங்களத்தில் விசாரித்தார். ஒருவராவது என் வாயைத் திறந்து பார்த்தார்களா? இல்லை.

பிறகு வைத்தியம். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது. அதோடு விட்டார்களா? தேங்காய்ப்பால் வந்தது, நல்லெண்ணெய் வந்தது. போகிற நாள் காலை பரிமளம் அன்ரி தேனில் மஞ்சளைக் குழைத்து வந்து, பின்னேரத்துக்குள் ஆறிவிடும் என்று வாய் முழுக்கப் பூசிவிட்டார். புண் ஆறவில்லை. நாக்கு, பல், உதடு எல்லாம் மஞ்சளாகிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

காருக்குள் அம்மா ஒரே கட்டளைதான் போட்டார்: "அங்க வாயைத் திறக்காதை. நான் கதைக்கிறன்."

திறக்கவில்லை. வதனியின் அப்பா வேலையைப் பற்றிக் கேட்டதற்குத் தலையாட்டினேன். வதனி ஒரு தட்டு நிறையத் தட்டை வடை கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய அம்மா, தட்டை வடைக்குப் பேர்போன பருத்தித்துறை ஆள். செத்தல் மிளகாய் தூக்கலாகப் போட்டு, கல்லுப் போலத் தன் கையால் சுட்டெடுத்தது. எல்லாரும் எடுக்கச் சொன்னார்கள். நான் கும்பிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தேன். தேத்தண்ணிக்கும் அதே கும்பிடு.

பொம்பிளை பார்க்கப் போன வீட்டில் பலகாரத்தைத் தொடாவிட்டால் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வதனியின் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். வதனி முகம் சிவந்து, தட்டைத் திரும்ப எடுக்கக் குனிந்தாள்.

புண்ணாவது மண்ணாவது என்று, அவள் தூக்கிய தட்டிலிருந்து ஒரு வடையைப் பறித்து வாய்க்குள் போட்டுக் கடித்தேன். உடைந்த துண்டு நேரே புண்ணில் போய்க் குத்தியது. பின்னால் மிளகாய் வந்து சேர்ந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, "ஐயோ அம்மா" என்று வாயைத் திறந்தேன். மஞ்சள் முழுவதும் சபைக்குத் தெரிந்தது. செங்கமாரியா, அதுதான் மஞ்சள் காமாலையா, இல்லை குடிக்கிறவரா என்று வதனியின் சித்தி என் காது கேட்கவே கேட்டார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

வதனி மட்டும் கிட்ட வந்து பார்த்தாள்.

"வாய்ப்புண்ணோ?"

தலையாட்டினேன்.

"பிறகேன் சாப்பிட்டனீங்கள்?"

"நீங்கள் தட்டை எடுத்திட்டீங்கள்" என்றேன். (வாழ்நாளில் நான் பேசிய ஒரே காதல் வசனம். அதையும் எச்சில் ஒழுகப் பேசினேன்.)

அவள் சிரித்துக்கொண்டே குசினிக்குப் போய்க் குளிர்ந்த தயிர் கொண்டுவந்தாள்.

கலியாணம் நடந்தது. கடைவாய்ப் பல்லொன்றின் உடைந்த முனை நாக்கில் உரசியதுதான் காரணம் என்று பொரளையில் ஒரு பல் டாக்டர் பிறகு கண்டுபிடித்து, முனையை அராவிவிட்டார். போனும் இல்லை, சூடும் இல்லை, கக்கூசும் இல்லை! இதைப் பரிமளம் அன்ரியிடம் மெனக்கெட்டுப் போய்ச் சொன்னேன். எண்டாலும் மஞ்சள் நல்லது என்றார்.

உடைந்த பல்லின் கதையை இன்றுவரை ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. நான் வாயைத் திறந்து விளக்கத் தொடங்கினாலே வதனி வடைத் தட்டை நீட்டுவாள். மாமனாரோ எந்தக் கலியாண வீட்டிலும் என் தோளில் கை போட்டுக்கொண்டு இதையேதான் சொல்கிறார்: "மற்ற ஆம்பிளையள் கட்டினாப் பிறகுதான் அழுறவை. எங்கட மருமகன் பாக்க வந்தண்டே அழுதிட்டார்."