கேட்டால் கேட்கவில்லை என்று ஆகிவிடும்

ஆடு மாடுகள் போற்றும் டாக்டரும், அம்மாவின் ஒரே அண்ணனும், காதுக்குள் செருகும் ஹெட்போன் வாங்கி அனுப்பிய வள்ளலுமான மாமாவுக்கு, மருமகன் காதும் காதும் வைத்த மாதிரி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் சனிக்கிழமை வரை நலம். போனில் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்கும், அதனால்தான் மெயில்.

"போட்டுக் கேட்டுட்டு எப்படி இருக்குன்னு எழுதுடா" என்றீர்கள். எழுதுகிறேன். ரப்பர் முனைகளில் சின்னது இடது காதுக்குப் பொருந்தியது. வலது காதுக்குப் பெரியதுதான் சேர்ந்தது. அது கணக்கு வாத்தியார் திருகித் திருகி வளர்த்த காது. செருகியதும் தெருவே அணைந்துவிட்டது. மின்விசிறி சுற்றுகிறது, சத்தமில்லை. அக்கா வாயசைக்கிறாள், வசனமில்லை. பாட்டைப் போட்டால் பாடுகிறவர் மூச்சிழுப்பதும், பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்துவதும்கூடத் தெளிவாக விழுகிறது. பேஸ் இருக்கிறதே, போன தடவை நீங்கள் கூடத்தில் படுத்து விட்ட குறட்டைக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததே, அந்தத் தரம். ஒரே குறை, எல்லாம் கேட்கிறது, வீடு மட்டும் கேட்கவில்லை. அங்கேதான் மாமா வினை.

இது வந்த அன்றே அம்மா சட்டம் போட்டுவிட்டாள். "நான் கூப்பிட்டு நீ கேக்கலைன்னு ஒரு தடவை தெரிஞ்சாலும் போதும், அது பீரோவுக்குள்ள போயிடும்." அதனால் யார் வாயசைத்தாலும் "சரி" என்று தலையாட்டிவிடுவேன். நன்றாகத்தான் ஓடியது. செவ்வாய்க்கிழமை அம்மா அறை வாசலில் நின்று நெடுநேரம் வாயசைத்தாள். பாட்டு நல்ல இடத்தில் இருந்தது. அவள் முகம் கேள்விக்குறி ஆனதும் "சரிம்மா" என்றேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் அப்பா வந்து தோளில் கை வைத்தார். பஸ்ஸில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடைக்காதபோது தவிர அவர் என் தோளில் கை வைத்ததே இல்லை. "உனக்கு இவ்வளவு பெரிய மனசு இருக்கும்னு நினைக்கலடா" என்றார். அக்கா, "நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன்பா" என்றாள். எதை என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் கேட்கவில்லை என்று ஆகிவிடும், கேட்காவிட்டால் என்ன ஆவேன் என்றே தெரியவில்லை. இதற்குள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா வந்து அம்மாவைத் தேற்றினார். "ரெண்டுல ஒண்ணைத்தானே குடுக்கறான். சின்ன வயசு, மிச்சம் ஒண்ணை வச்சுச் சமாளிச்சுக்குவான்." எனக்கு ரெண்டு ரெண்டாக இருப்பவற்றை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கண், காது. பிறகு என் இரண்டு கையும் தானாகவே இடுப்புக்குப் பின்னால் போய்விட்டன. கிட்னி.

அக்கா இஞ்ச் டேப்போடு வந்து "நேரா படு" என்றாள். "எதுக்குக்கா?" "அதுல நீ அடங்குவியான்னு பாக்க வேண்டாமா?" எது மாமா அந்த அது? நேற்று அப்பா போனில், "டாக்டர், பையன் ஒத்துக்கிட்டான். சனிக்கிழமையே முடிச்சிடலாம். ஆரம்பத்துல கொஞ்சம் கஷ்டமா இருக்கும், போகப்போகப் பழகிடும்" என்கிறார். அம்மாவிடம் போய், "ஏம்மா, எனக்கு ரெண்டுமே வேணும்னு தோணிச்சுன்னா?" என்று நூல் விட்டுப் பார்த்தேன். "இப்ப வந்து பேச்சை மாத்தாதே. அவங்க நம்மளையே நம்பி இருக்காங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். யார் அவங்க? கேட்க முடியுமா? வாய்மொழிப் பரீட்சை முடியும்வரை தொண்டை கட்டிவிட்டது என்று ஊமையாக நடித்தவன் நான். இப்போது "நிஜமாவே கேக்கல" என்றால், யாருக்குக் காது குத்துகிறாய் என்பார்கள். ஹெட்போனும் போகும், கிட்னியும் தங்காது. ஆகவே உங்கள் தங்கையிடம் நீங்களே பக்குவமாகப் பேசி, நான் எதைக் கொடுக்க ஒப்புக்கொண்டேன், யாருக்கு, மயக்க ஊசி போடுவார்களா என்ற விவரத்தைச் சனிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.

உங்கள் கை பட்ட கால்நடைகள் எல்லாம் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
இன்றைய தேதிக்கு முழு உருப்படியாக இருக்கும்
மருமகன்

பி.கு.: அனுப்பப் போகும்போது அம்மா ஒரு தலையணையோடு அறைக்குள் வந்தாள். உங்களுக்கு இந்த ஊருக்கே மாற்றலாமே, வீடு கிடைக்கும்வரை என் அறையில்தானாமே. ரெண்டில் ஒன்று என்பது என் அலமாரித் தட்டாம். நான் அடங்க வேண்டியது மடக்குக் கட்டிலிலாம், என் கட்டில் உங்களுக்காம். அப்பா கிண்டலாக டாக்டர் என்று கூப்பிடுவது உங்களைத்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கிட்னி பிழைத்த சந்தோஷத்தில், "ஐயோ அம்மா, அன்னிக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கவே இல்லை" என்று உளறிவிட்டேன். ஹெட்போன் இப்போது பீரோவுக்குள் இருக்கிறது, சாவி அம்மா இடுப்பில். குறட்டை முதல் ஊர்ச் சத்தம் வரை எல்லாவற்றையும் அடைக்கும் சாமானாகப் பார்த்து நீங்கள் ஏன் அனுப்பினீர்கள் என்பது அது உள்ளே போன பிறகுதான் புரிந்தது. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். வேறு அறை பார்த்துக்கொள்வதாக இருந்தால் சொல்லுங்கள் மாமா, கிட்னியே தருகிறேன்.