தேசப்பன் பையைக் கவிழ்த்த நாள்

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டைக்கூட அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுத்துப் போவேன். (அழுத்தினால் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள்.) இயற்பியல் வாத்தியாராகப் பரீட்சை ஹாலில் நடந்து நடந்து வந்த வியாதி. அந்த வியாதியால் ஒரு நல்ல மனிதரை ஊர் முன்னால் திருடனாக்கினேன்.

ஓய்வுபெற்றதும், காயலான் கடையில் நசுங்கக் காத்திருந்த பழங்காலப் பெட்ரோல் டிராக்டர் ஒன்றை வாங்கினேன். அதற்கு உயிர் கொடுத்தவர், திருவொற்றியூர்க் குப்பத்தில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் தேசப்பன். அன்றிலிருந்து குப்பத்துப் படகுகளைக் கரையேற்றியது அந்த டிராக்டர்தான்.

போன வருடம் புயல் எச்சரிக்கை. அலை ஏறிக்கொண்டிருந்தது, ஒன்பது படகுகள் தண்ணீர் ஓரத்தில். டிராக்டர் கிளம்பவில்லை. தேசப்பன் பிளக் ஒயரைக் கழற்றி இன்ஜின் இரும்பருகே பிடித்துக்கொண்டு, இன்ஜினைக் கிளப்பும் முன்புறக் கைப்பிடியை என்னைச் சுற்றச் சொன்னார். பொறியே இல்லை.

"கரண்டு வரல சார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் தொறந்து பாத்துடலாம்."

"பேட்டரியிலேர்ந்து வரிசையாப் போகணும், தேசப்பா."

வரிசையாகப் போனதில் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் மூடியைத் திறந்தால், உள்ளே சுழன்று பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டரைக் காணோம். கட்டைவிரல் அளவுச் சாமான். அது இல்லாமல் டிராக்டர் வெறும் இரும்பு.

"நேத்து இதைத் தொட்டது நீதானே?" என்றேன்.

"அத்த எட்துகினு போயி நான் இன்னா பண்றது, மீன் கொழம்புல போடறதா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியது. சாமான் பையை மணலில் கவிழ்த்தார். ஸ்பேனர்கள், பீடிக் கட்டு, பேத்தியின் அறுந்த கொலுசு.

"நல்லா பாத்துக்க சார்." பிறகு படகுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றி நின்ற குப்பத்து ஆட்களைக் கூப்பிட்டார். "வாங்கடா, கையாலயே இஸ்துக்கலாம்."

இரண்டு படகு ஏறுவதற்குள் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. நானும் கயிறு பிடிக்கப் போனேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, உள்ளே வைக்கக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். உள்ளே ரோட்டர்! வண்டியை யாராவது ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, முந்தின மாலை நானே கழற்றி வைத்து, அடியோடு மறந்துபோனது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அதை மணலில் போட்டேன். காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். சற்று நேரம் கழித்து, 'அடடே, இங்கே கிடக்கிறதே' என்று கண்டெடுப்பதாகத் திட்டம்.

"இன்னா சார் பொதைச்சிகினு கீறே?" என்றாள் தேசப்பனின் மனைவி மங்கா.

குப்பமே திரும்பியது. தேசப்பன் வந்து குனிந்து எடுத்தார், மணலை ஊதினார், மாட்டினார். முதல் சுற்றிலேயே இன்ஜின் கிளம்பியது. மிச்சம் ஏழு படகும் ஏறின. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். "உக்காரு சார்" என்று டீ கொடுத்தார். உள்ளேயிருந்து மங்கா குரல்: "டம்ளர பத்திரமா வாங்கி வையி. கண்ணாடிக் கூட்டுல பூந்துடப் போவுது."

இன்று என் வீட்டில் சாவியோ ரிமோட்டோ எது காணாமல் போனாலும், மனைவி முதலில் திறப்பது என் கண்ணாடிக் கூட்டைத்தான். தேசப்பனும் டிராக்டரைக் கிளப்புமுன் கையை நீட்டுவார். நான் கூட்டைத் திறந்து காட்டிய பிறகே கைப்பிடியைத் தொடுவார். உள்ளே ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திறக்கும்போது பக்கென்றுதான் இருக்கிறது.