வியாழக்கிழமை டிரெய்லர்

“பத்தே நிமிஷம்தான்க்கா. வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சரையில இருந்து பத்து நிமிஷம். ரேடியோ போடாதீங்க, ஆட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க. யாரையும் திட்டாதீங்க.”

“திட்டாமலா?” என்றாள் பக்கத்து வீட்டு இராக்கம்மா. மற்ற இரண்டும் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அஜந்தன் பொறுமையாக விளக்கினான். பகலில் அவன் லுணுகலை டவுனில் வாஹித் நானாவின் போன் கடையில் வேலை செய்பவன். மிச்ச நேரத்தில் யூடியூபர். வரப்போகும் வீடியோ கேம்களின் டிரெய்லரைப் பார்த்து வியப்பதுதான் அவனுடைய சேனல். அந்த கேம்களை விளையாடும் கன்சோலை அவன் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்கூடப் பார்த்ததில்லை. வியப்பதற்கு அது தேவைப்படவில்லை.

சென்ற முறை கடையிலேயே பதிவு செய்தான். டிரெய்லர் உச்சத்துக்குப் போன நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்து, “தம்பி, போனுக்கு ரீலோட் ஒண்ணு போடுங்க” என்றார். பார்த்த நானூறு பேரும் அவரைப் பற்றித்தான் கருத்து எழுதினார்கள். இந்த முறை வருவதோ புத்தம்புது கன்சோலின் முதல் டிரெய்லர். தமிழில் முதல் ரியாக்ஷன் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அஜந்தன் இரண்டு மாதமாகச் சாப்பாட்டில் ருசி தெரியாமல் அலைந்தான்.

வீட்டில் பதிவு செய்யலாமென்றால், தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள். நடுச்சுவர்கள் கூரை வரை எட்டாதவை. முதல் வீட்டில் தும்மினால் எட்டாவது வீட்டில் ‘நூறு வயசு’ என்பார்கள்.

“ரியாக்ஷன்னா என்னா? ஊசி போட்டா உடம்பெல்லாம் தடிக்குமே, அதா?”

“இல்லக்கா. டிரெய்லரைப் பாத்து ஆச்சரியப்படணும். வாயைப் பொளந்து, நெஞ்சுல கை வச்சு. அதுல என்ன இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும், தெரியாத மாதிரி ஆச்சரியப்படணும். அதான் ரியாக்ஷன்.”

இராக்கம்மா கொஞ்சம் யோசித்தாள். “டிரெய்லருன்னா சொன்ன?”

“ஆமாக்கா. புது கன்சோலுக்கு டிரெய்லர் வருது.”

“வரட்டும், வரட்டும்” என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போனாள்.

இது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலை பெரட்டில், அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முன்பே, அந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு முழுவதற்கும் செய்தி தெரிந்திருந்தது. புது கவுன்சில் டிரெய்லர் கொடுக்கிறது, வியாழக்கிழமை அஞ்சரைக்கு வருகிறது.

கீழ்க்கணக்கில் டிரெய்லர் என்றால் ஒன்றுதான். டிராக்டருக்குப் பின்னால் தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றிப் போவது. மூன்று வருஷத்துக்கு முன்பு பெய்த மழையில் ஓடையைக் கடக்கும் பாதை மதகு உடைந்து விழுந்ததிலிருந்து அது இந்தப் பக்கம் வருவதில்லை. ஒரு மைல் ஏற்றத்துக்குப் பெண்கள்தான் மூட்டையைச் சுமந்து போய்க் கொடுக்கிறார்கள். மதகு கேட்டு நாலு மனு போயிருக்கிறது. நாலிலும் முதல் கையெழுத்து இராக்கம்மாவுடையது.

கடைக்குப் புறப்பட்ட அஜந்தனை, வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சின்னராசா வழிமறித்தார்.

“என்னப்பா, கவுன்சில்ல இருந்து டிரெய்லர் வருதாமே? இராக்கம்மா பெரட்டுல சொல்லிச்சு.”

“கவுன்சில் இல்லங்க. கன்சோல்.”

“அதத்தான் நானும் சொல்றேன், கவுன்சில். எத்தனை மூட்டை புடிக்கும்?”

“ஐயோ, மூட்டையெல்லாம் ஏத்த முடியாதுங்க. அது சும்மா பாக்கிறதுக்கு மட்டும்தான்.”

“பாக்கிறதுக்கா? அப்ப சாமான்?”

“சாமான் அடுத்த வருஷம்தாங்க வரும். சொன்ன தேதிக்கு வராது, தள்ளிப் போகும். சில நேரம் வராமலேயும் போயிடும்.”

சின்னராசாவின் முகத்திலிருந்த கடைசிச் சந்தேகமும் நீங்கியது. “அப்ப கவுன்சில்தான்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று மாலையே அஜந்தன் கொட்டை எழுத்தில் ஓர் அறிவித்தல் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினான். ‘வியாழன் மாலை வருவது கொழுந்து டிரெய்லர் அல்ல. விளையாட்டு டிரெய்லர் மட்டுமே.’

செவ்வாய்க்கிழமை காலை விளையாட்டுக் கழகத்தார் வீட்டுக்கு வந்து, டிரெய்லர் முதலில் மைதானத்துக்குத்தான் மண் ஏற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். பத்து மணிக்குப் பிரதேச சபை மெம்பர் அழகர் அஜந்தனுக்குப் போன் செய்தார்.

“தம்பி, டிரெய்லர் இல்லைன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கியாமே. இல்லாத சாமானுக்கு யாரு நோட்டீஸ் ஒட்டுவா? குடுக்கிறது எங்க ஆளா, அவங்க ஆளா?”

“ரெண்டு பேரும் இல்லங்க ஐயா. அது ஜப்பான் கம்பனி.”

“ஜப்பான் உதவியா?” என்றார் மெம்பர். குரலில் பக்தி வந்திருந்தது. “எனக்குத் தெரியாம ஜப்பான்காரன் என் ஏரியாவுக்கு வாறானா? நான் வாறேன். வியாழக்கிழமை நானே வந்து திறந்து வைக்கிறேன்.”

தப்பிக்க அஜந்தனுக்கு ஒரு வழி தெரிந்தது. “ஐயா, உங்க ஜீப் லயத்துக்கு வராதுங்களே! மதகு உடைஞ்சு மூணு வருஷமாச்சு. எந்த வாகனமும் வரவே முடியாதுங்க!” என்றான் மகிழ்ச்சியோடு.

“அப்ப டிரெய்லர் எப்படி வரும்?”

அதற்கும் மெம்பரிடமே வழி இருந்தது. மத்தியானமே மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. பின்னால் இரண்டு லொறி கருங்கல் சல்லி, சிமெந்துக் குழாய்கள், ஆறு ஆட்கள். நாலு மனுவுக்கு அசையாத மதகு, புதன்கிழமை மாலை தேநீர் வேளைக்கு முன்பு குழாய் பதித்து, மண் மூடி மட்டமாக்கப்பட்டிருந்தது. வேலை செய்தவர்களுக்கு இராக்கம்மா இரண்டு நாளும் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கே லயத்து வாசல் நிறைந்துவிட்டது. மேளம் வந்தது. மாலை, தேங்காய், ஆரத்தித் தட்டு எல்லாம் வந்தன. டிரெய்லர் நிற்பதற்கென்று ஓர் இடத்தைப் பெருக்கிக் கோலமும் போட்டிருந்தார்கள். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் அஜந்தனுக்கு அழுகையே வந்துவிட்டது. மெம்பரைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. முதுகு ஒடிய மூட்டை தூக்குகிற அறுபது பெண்கள் தன்னால் ஏமாறப் போகிறார்கள் என்பதுதான் தாங்க முடியவில்லை.

“அக்கா, நான் பின்பக்கமா ஓடிடுறேன்” என்றான் இராக்கம்மாவிடம்.

“ஓடினா யாரு டிரெய்லர் காட்டுறது? போய் உன் போனைத் தூக்கி வை.”

மெம்பர் அழகர் புது மதகைக் கடந்து ஜீப்பில் வந்து இறங்கினார். மாலை விழுந்தது. ஐந்தரை ஆனது. எல்லோரும் பாதையைப் பார்த்தார்கள். அஜந்தன் தன் போனைக் கோலத்தின் நடுவே ஒரு முக்காலியில் சாய்த்து வைத்தான். பதிவு செய்வதற்குக் கடையில் இரவல் வாங்கி வந்த இன்னொரு போன், எதிரே கம்பத்தில் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட அவனுக்கு நினைவில்லை.

முதலில் திரையில் வட்டம் சுற்றியது. சிக்னல் கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே இருந்தது. மேளக்காரர் பொறுக்க முடியாமல் அதற்கும் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு படம் வந்தது. வாளோடு ஒருவன் குதிரையில் வந்தான். மலைப்பாதையில் பாலம் இடிந்து கிடந்தது.

“பாவம், அவனுக்கும் மதகு இல்ல” என்றது ஒரு குரல்.

குதிரை பாய்ந்தது. அறுபது பெண்களும் ஒரே மூச்சில் “ஆ!” என்று வாயைப் பிளந்து நெஞ்சில் கை வைத்தார்கள். இரண்டு நிமிடத்தில் படம் முடிந்தது.

“டிரெய்லர் எங்க?” என்றார் மெம்பர்.

“இதாங்க ஐயா டிரெய்லர்” என்றான் அஜந்தன்.

மெம்பர் போனைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தன்னோடு வந்த போட்டோக்காரரைப் பார்த்தார். மெம்பர் இருபது வருஷமாக அரசியலில் இருப்பவர். கழுத்து மாலையைக் கழற்றிப் போனுக்குப் போட்டார்.

“அன்பான மக்களே! இந்த மதகு வெறும் டிரெய்லர்தான். மெயின் படம் இனிமேத்தான்!”

கைதட்டல் அடங்குவதற்குள் ஜீப் மதகைத் தாண்டிவிட்டது.

அஜந்தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் காலை இரவல் போனை எடுத்துப் பார்த்தபோது, அதில் அவன் முகம் ஒரு ஓரமாகவும் பெண்கள் கூட்டம் முழுதாகவும் பதிவாகியிருந்தது. வேறு வழியில்லாமல் அதையே சேனலில் போட்டான். மத்தியானத்துக்குள் எண்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ‘இவ்வளவு வெள்ளந்தியான, நடிப்பே இல்லாத ரியாக்ஷனை நான் பார்த்ததே இல்லை’ என்று கனடாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் அஜந்தனுக்குக் குற்ற உணர்வு இன்னும் கூடியது.

மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று கொழுந்து பறிக்கும் மலைக்குப் போனான். அங்கே மூன்று வருஷத்துக்குப் பிறகு தோட்டத்து டிராக்டர் டிரெய்லரோடு நின்றுகொண்டிருந்தது. மதகு சரியான பிறகு அது வராமலிருக்க ஒரு காரணமும் இல்லை என்று சின்னராசாவே அனுப்பியிருந்தார். பெண்கள் பேசிச் சிரித்தபடி மூட்டைகளை அதில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, மன்னிச்சிருங்க” என்றான் அஜந்தன். “அது கேம் டிரெய்லர்னு கடைசி வரைக்கும் உங்களுக்குப் புரிய வைக்க என்னால முடியல.”

இராக்கம்மா தன் மூட்டையை டிரெய்லருக்குள் தள்ளிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும், தெரியாத மாதிரி ஆச்சரியப்படணும்னு நீதானே தம்பி சொன்ன?”