நடுங்காத வம்சம்

எங்கள் வம்சத்தில் யாருடைய கையும் நடுங்கியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பதிவு செய்வதற்காகச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளாக என் வலது கை செய்துவருவது வெறும் 'அசைவு'. டாக்டர் அதை நடுக்குவாதம் என்றார். வயதில் சின்னவர், மன்னித்துவிட்டேன்.

"சும்மா வெச்சிருந்தாதான் சார் நடுங்கும். ஒரு வேலை கொடுத்தீங்கன்னா அடங்கிடும்" என்றும் சொன்னார்.

நான் வேலை கொடுக்கவில்லை. வெளியே போனால் கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பையில் கிடந்த சில்லறை ஓயாமல் குலுங்கியதில், வசதியானவன் என்ற பெயர் தெருவில் தானாகவே வந்து சேர்ந்தது. கௌரவம் இப்படித்தான் காப்பாற்றப்படுகிறது.

சென்ற ஞாயிறு காலை எங்கள் முன்னறையில் ஒரு மகத்தான கூட்டம் கூடியது. பொருள்: 'அப்பாவால் ஏற்படும் பொருளாதாரச் சுமை'. தலைமை: அப்பா. சுமையே தலைமை தாங்கும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

முன்னறைதான் என் மனைவியின் தையல் கடை. ஆகவே மிஷினைச் சுற்றி நாற்காலி போட்டோம். அவள் ஒரு பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மகன் அட்டவணையை வாசித்தான். மாத்திரை. டாக்டர். நடக்கச் சொல்லித்தருபவர். குளியலறைக் கைப்பிடிகள். உடைந்த கோப்பைகள், பதினொன்று. அதில் இரண்டு என் மகள் உடைத்தவை. வீட்டுப் பெண்ணைக் காட்டிக்கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. கடைசியாக, பகலில் என்னைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளரின் சம்பளம்.

"இந்த ஒரு வரியை எடுத்துட்டா சுமை பாதியா குறைஞ்சிடும்" என்றான்.

"எடுத்துட்டு?" என்றாள் மனைவி, தலை நிமிராமல்.

மகள் கொஞ்சலாகச் சொன்னாள்: "நீதான் வீட்டுலயே இருக்கியேம்மா. கடையை மூடிட்டு அப்பாவைப் பாத்துக்கோயேன்."

"அப்ப என் சம்பளம் இதுல எங்க இருக்கு?"

மகன் விரல் வைத்துக் காட்டினான். 'அம்மா: செலவு இல்லை.'

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெண்களின் உழைப்புக்கு விலை போட்டு அவர்களைச் சிறுமைப்படுத்தும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் என்றுமே இருந்ததில்லை. என் அப்பாவை என் அம்மா ஒன்பது வருடம் தூக்கி உட்காரவைத்து ஊட்டினாள். செலவு பூஜ்யம். அவருக்கும் 'அசைவு'தான்.

"மாத்திரை எந்தக் காசுலடா வாங்குறோம்?"

"குடும்ப நிதியில."

"அந்த நிதி எங்கேருந்து வருது?"

மகன் மிஷினைப் பார்த்தான். "அது வரவும்மா. இன்னைக்குச் செலவு மட்டும்தான் பேசறோம்."

"ஓஹோ. வரவை மூடி செலவைக் குறைக்கப் போறீங்க."

"கரெக்ட்!" என்றான். அம்மாவுக்கு இவ்வளவு சீக்கிரம் புரிந்ததில் அவனுக்கு ஒரே மகிழ்ச்சி.

அவள் ஊசியைச் சட்டையில் குத்திவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்க சொல்லுங்க. எனக்கு இந்தக் கடை வேணும். இருபத்தாறு வருஷமா எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"ஓட்டுக்கு விட்டுடலாம்" என்றான் மகன். "கடையை மூடலாம்னு நினைக்கறவங்க கை தூக்குங்க. ஆனா தலைவர் கை தூக்கலைன்னா தீர்மானம் செல்லாது."

அவன் தூக்கினான். மகள் தூக்கினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கை மடியில், செய்தித்தாளுக்கு அடியில் படபடத்துக்கொண்டிருந்தது. மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தாளைத்தான் பார்த்தாள்.

பெண்டாட்டி தைத்த காசில் மாத்திரை விழுங்குகிறவன் என்று நாளைக்குத் தெரு சொன்னால், வம்சம் என்னாவது?

தூக்கினேன்.

மகன் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதிக்கொண்டான். செலவில் வராதவர் ஓட்டில் மட்டும் எப்படி வருவார்?

டாக்டரைச் சும்மா சொல்லக் கூடாது. வேலை கொடுத்ததும் கை அடங்கிவிட்டது. அவள் கடையை மூட உயர்ந்த அந்தக் கை, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, கொஞ்சம்கூட நடுங்கவில்லை.