மாலை போட்ட ரோபோ

ஒரு முழம் செவ்வந்தியால் ஓர் இயந்திரத்தைக் கவிழ்த்த பொறியாளர் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம். கல்லூரிகளுக்கு இடையே ரோபோ போட்டி. பத்தடி உயரத்தில் குறுக்காக ஓர் இரும்புக் கம்பி, அதில் ஒரு மணி. மூன்று கிலோவுக்கு மிகாத ரோபோ தரையிலிருந்து ஏறி, இரண்டே நிமிடத்தில் அதை அடிக்க வேண்டும். கையால் தொடக் கூடாது.

அணியில் நானும் பானுமதியும். தலைவர் நான், விண்ணப்பத்தை நிரப்பியது நான் என்பதால். முதல் வடிவமைப்பும் என்னுடையதே. இரும்பு ஆங்கிளும் பழைய லாரியின் வைப்பர் மோட்டாரும் சேர்ந்து ஏழு கிலோ. அது மேலே ஏறவில்லை, கம்பிதான் கீழே இறங்கியது.

மறுநாள் பானுமதி, கொத்தனார் அளவெடுக்கும் எஃகு டேப் ஒன்றைக் கொண்டுவந்து மேல்நோக்கி நீட்டினாள். நாடா வளையாமல் விறைப்பாக நின்றது.

"இதான் நம்ம ஏணி," என்றாள்.

நாடா ஒரு கொக்கியைத் தூக்கிப்போய்க் கம்பியில் மாட்டும். கொக்கியில் நைலான் நூல். கீழே சின்ன மோட்டார் அந்த நூலை உருளையில் சுற்றச் சுற்ற, ரோபோ மேலே போகும். அவ்வளவுதான். அதன்பிறகு வாரக்கணக்கில் எடையைக் குறைத்தாள். அலுமினியத் தகட்டில் ஓட்டை ஓட்டையாகப் போட்டாள்; திருகாணிகளின் நீட்டிய நுனியைக்கூட அறுத்தாள். அதைவிட அழகான இயந்திரத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. அப்பா பட்டு நூல் வியாபாரி, சௌராஷ்டிரக் குடும்பம். பெண்ணை வெளியூருக்கு அனுப்பத் தயங்கியவர், "நீ செஞ்சது ஏறட்டும், பாப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். போட்டிக்கு நேரிலேயே வந்துவிட்டார்.

எடை போட்டு முடிந்தது. பானுமதி அப்பாவை உட்காரவைக்கப் போனாள். ரோபோவும் நானும் தனியாக இருந்தோம். பேரையூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் டிராக்டருக்கு மாலை போடாமல் புது டயர்கூட மாட்ட மாட்டார்கள். அந்த ரத்தம் என்னைச் சும்மா விடவில்லை.

திரும்பி வந்தவள் ரோபோவின் மேல் மாலையைப் பார்த்தாள். "என்ன இது?"

"சாமிக்கு. அதான் வெயிட் போட்டாச்சுல்ல."

"செல்லத்துரை, அதைக் கழட்டு."

விசில் ஊதிவிட்டார்கள்.

ரோபோ ஆறடி, ஏழடி என்று அற்புதமாக ஏறியது. எட்டாவது அடியில் மாலையின் வாழைநாரை உருளை இழுத்துக்கொண்டது. செவ்வந்தி இதழ்கள் நடுவரின் வழுக்கையில் பொழிந்தன. ஏற்பாடு என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. மோட்டார் முனகி நின்றது.

"இழு பானு, இழு. ஃபுல்லா குடு," என்று கத்தினேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரிமோட்டில் எதிர்ப்பக்கம் அழுத்தினாள். ரோபோ இறங்கியது. "கீழ போகுது, கீழ போகுது" என்று, யாருக்கும் கண் இல்லாதது போல, நான் அறிவித்துக்கொண்டிருந்தேன். நூல் தளர்ந்தது, நார் வெளியே வந்தது, மாலை நழுவி விழுந்தது. மறுபடி ஏற்றினாள். மணி கணீரென்று அடித்தது, முடிவு விசில் ஊதிய பிறகு.

பரிசு இல்லை. அவளுடைய பெங்களூரையே நான் கெடுத்துவிட்டதாக நினைத்தேன். அப்பாவிடம் போய், "தப்பு எம்மேலதான் சார்," என்றேன்.

"தெரியும் தம்பி," என்றார். "நூலு சிக்கிருச்சுன்னா எல்லாரும் இழுக்கத்தான் செய்வாக. இம்புட்டுப் பேரு பாக்கையில, இவ பதறாம விட்டுப் பிரிச்சா. எங்க போனாலும் பொழைச்சுக்கிருவா."

பிறகு மகளிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சொன்னாரு?"

"பெங்களூர் போகச் சொன்னாரு."

அது பாதிதான். மீதியைப் போன வருடம் பானுமதி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் மனைவி முன்னால் சொன்னாள்: "போற எடத்துல இந்தப் பையன் மாதிரி எவனையும் நூலு பக்கம் விட்டுராத."

இப்போது ஆயுத பூஜைக்குக் காருக்கும் மிக்ஸிக்கும் கம்ப்யூட்டருக்கும் பூப் போடுவது மனைவியும் பிள்ளைகளும். சூடத் தட்டை ஏந்தி, இரண்டடி தள்ளி நிற்பது மட்டுமே என் வேலை.