முதல் நாக்கின் வாக்குமூலம்

பருவகாலப் புதுமைத் தின்பண்டங்கள் மற்றும் பானங்கள் சுவைச் சான்றிதழ்த் துறையில் நான் முதல் நாக்கு. சிரிக்க வேண்டாம், பதவியின் பெயரே அதுதான். நியமன ஆணையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. அறைக் கதவில் பித்தளைப் பலகையில் அப்படித்தான் பொறித்திருக்கிறது. என் மாமனார் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்குக் கீழே இரண்டாம் நாக்கு ஒருவர், மூன்றாம் நாக்கு ஒருவர். மூவருக்கும் மேலே தலைவர். அவர் வடிகால் துறையில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டுப் பதவி உயர்வில் இங்கே வந்தவர். உள்ளே போவதும் வெளியே போவதும் ஒரே பாதைதானே என்று மேலிடம் நினைத்திருக்கலாம்.

எங்கள் வேலை எளிது. வெயில் காலத்துக்கு ஒன்று, மழைக் காலத்துக்கு ஒன்று, பனிக் காலத்துக்கு ஒன்று என்று கம்பெனிக்காரர்கள் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள். பூண்டு சாக்லேட், வெள்ளரிக்காய் பிஸ்கட், மிளகாய் ஐஸ்கிரீம், கரித்தூள் சோடா. சாதாரண பிஸ்கட்டை இப்போது யார் சீண்டுகிறார்கள்? 'இந்தப் பருவத்துக்கு மட்டும்' என்று அட்டையில் போட்டால்தான் கடை திறப்பதற்கு முன்பே சனங்கள் வந்து நிற்கிறார்கள். அப்படி வந்து நிற்பதற்கு முன்னால், அந்தப் பண்டத்துக்கு நாங்கள் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். போட்ட மார்க்கை அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடிக்க வேண்டும். அது சட்டம்.

மார்க் போடுவதற்கும் ஒரு விதி உண்டு. முதல் நாக்கு போடும் மார்க்குக்கும் மற்ற நாக்குகள் போடும் மார்க்குக்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால், வித்தியாசப்பட்ட நாக்கு 'வேறுபாட்டு விளக்கக் குறிப்பு' என்று மூன்று பிரதிகள் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாக்கு இந்தத் துறைக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஒரு குறிப்புகூட எழுதியதில்லை. என் பேனாவின் வால் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தே ஆறா எட்டா என்று கண்டுபிடித்துவிடுவார். அது ஒரு திறமைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

மூன்றாம் நாக்கு புதிதாக வேலைக்கு வந்த பெண். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வாயில் போட்டதை உண்மையிலேயே ருசி பார்ப்பார். பூண்டு சாக்லேட்டுக்கு நான் ஏழு போட்டேன், அவர் இரண்டு போட்டார். 'குமட்டுகிறது' என்று மூன்று பிரதிகளும் எழுதிக் கொடுத்தார். 'குமட்டலுக்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்று மூன்றும் திரும்பி வந்தன.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் போனது. போகும்போது ருசியையும் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. கண்டுபிடித்தவள் என் மனைவி.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள், நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"பிரமாதம்."

"இன்னைக்கு உப்பே போடலைங்க. மறந்துட்டேன்."

"அதனாலதான் பிரமாதமா இருக்கு."

அவள் எழுந்து போய், ஒரு ஸ்பூனில் உப்பும் ஒரு ஸ்பூனில் சர்க்கரையும் கொண்டுவந்தாள். என் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக வாயில் போட்டாள். மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் தப்பாகச் சொன்னேன்.

"நாக்கு செத்துப்போச்சு," என்றாள். "ஆபீஸ்ல சொல்லிடுங்க."

சொன்னால் என்ன ஆகும்? நாக்கு கெட்டவர்களை எங்கள் துறை பழைய கோப்பு அறைக்கு அனுப்பிவிடும். தரைக்குக் கீழே இருக்கும் அறை, ஜன்னல் கிடையாது. எனக்கு முன்னால் முதல் நாக்காக இருந்தவர் அங்கே போய் ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது அவரைப் பார்த்தால் அவரே ஒரு கோப்பு மாதிரிதான் இருக்கிறார். எனக்கோ ஓய்வுபெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது. கதவில் இருக்கும் பித்தளைப் பலகையைக் கழற்ற ஆள் வருவதை நினைத்துப் பார்த்தேன். நான் சொல்லவில்லை.

எட்டு மாதம் ஓட்டினேன். அட்டையில் கம்பெனிக்காரன் என்ன எழுதியிருக்கிறானோ அதைக் கொஞ்சம் மாற்றி நான் எழுதுவேன். 'மழையின் ஈரத்தை நாவில் உணர முடிகிறது' என்பேன். 'அடிநாக்கில் ஒரு சோகம்' என்பேன். அந்த எட்டு மாதத்தில்தான் என் அறிக்கைகளில் ஆழம் கூடியிருக்கிறது என்று தலைவர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் தட்டு மாறிப்போனது. பூண்டு சாக்லேட்டின் புது வகையும் வெள்ளரிக்காய் பிஸ்கட்டும் ஒரே நாளில் வந்திருந்தன. இரண்டையும் ஒரே மாதிரி கறுப்பாகச் செய்திருந்தான் பாவி. நான் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு 'பூண்டின் கம்பீரம்' என்று எழுதி எட்டு போட்டேன். இரண்டாம் நாக்கும் எட்டு போட்டார். 'பூண்டின் கம்பீரம் பாராட்டத்தக்கது' என்று தலைவர் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாக்கு மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ நேரத்தில் என் மேஜைக்கு வந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு ருசி தெரியுதா?"

"என்னம்மா கேள்வி இது?"

"நீங்க சாப்பிட்டது வெள்ளரிக்காய் பிஸ்கட். அதுல பூண்டு ஒரு துளிகூட இல்ல."

நான் டீயைக் குடித்தேன். அது டீயா வெந்நீரா என்று எனக்குத் தெரியாது.

"உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு சார். நீங்களே சொல்லிட்டா நல்லது. இல்லேன்னா நான் மூணு பிரதி எழுதித்தான் ஆகணும். கண்டதையும் நாம நல்லா இருக்குன்னு சொல்றோம், வாங்கறவங்க நம்மள நம்பி வாங்கறாங்க."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனைவியும் அதையே சொன்னாள். காலையில் எழுந்து ஒரு கடிதம் எழுதினேன். 'கடந்த எட்டு மாதங்களாக அடியேனுக்குச் சுவை உணர்வு அறவே இல்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.' எழுதி முடித்ததும் மனசு லேசாக இருந்தது. கோப்பு அறைக்குப் போட்டுக்கொள்ள ஒரு பழைய சட்டையையும் எடுத்து வைத்தேன்.

தலைவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார். நாங்கள் மூவரும் அவர் எதிரில் உட்கார்ந்தோம்.

"எட்டு மாசத்துல எத்தனை பண்டத்துக்கு மார்க் போட்டிருக்கோம்?"

"நூத்திப் பன்னிரண்டு," என்றார் இரண்டாம் நாக்கு.

"நூத்திப் பன்னிரண்டுலயும் யார் கையெழுத்து?"

"உங்க கையெழுத்துதான் சார்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். வடிகாலில் அடைப்பு வந்தபோதெல்லாம் அப்படித்தான் பார்ப்பாராம்.

"இவர் நாக்கு தப்புன்னா நூத்திப் பன்னிரண்டும் தப்பு. நூத்திப் பன்னிரண்டு தப்பை ஒரு துறை பண்ணவே முடியாது. அதனால இவர் நாக்கு சரி."

"அவருக்குத்தான் ருசியே தெரியலையே சார்," என்றார் மூன்றாம் நாக்கு.

"அதைத்தான் நானும் சொல்றேன். விதி என்ன சொல்லுது? முதல் நாக்குதான் அளவு. அளவுக்கு ருசி தெரியல. அப்போ ருசி தெரியாம இருக்கறதுதான் அளவு. யாருக்காவது ருசி தெரிஞ்சா அதுதான் வித்தியாசம்."

"எனக்குத் தெரியுதே சார்."

"அதுக்கு விளக்கக் குறிப்பு எழுதுங்க."

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே தெரியலை சார்," என்றார் இரண்டாம் நாக்கு.

மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது. 'இனிப்பில் விருப்பமும் கசப்பில் வெறுப்பும் கொண்ட நாக்குகள் இயல்பிலேயே பாரபட்சமுடையவை என்பது துறையின் கவனத்திற்கு வந்துள்ளது. நடுநிலைமை காக்கும் பொருட்டு, சுவைப் பணியாளர்கள் அனைவரும் தங்களுக்குச் சுவை உணர்வு இல்லை என்பதற்கான மருத்துவச் சான்றிதழை முப்பது நாட்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். சுற்றறிக்கை வெளியாருக்குக் காட்டத்தக்கதல்ல.' என் கடிதம் 'முன்னோடி வாக்குமூலம்' என்ற பெயரில் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. எனக்கு ஒரு சம்பள உயர்வும் பெரிய பித்தளைப் பலகையும் கிடைத்தன.

இரண்டாம் நாக்கு மறுநாள் காலையிலேயே சான்றிதழோடு வந்துவிட்டார். மூன்றாம் நாக்கு கொடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அவரைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். காரணம் என்ற இடத்தில் 'நாக்கில் பாரபட்சம்' என்று எழுதியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு என் மேஜையைத் தாண்டிப் போகும்போது, நான் ஏதாவது சொல்வேன் என்று ஒரு நொடி நின்றார். நான் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தோடு மதியச் சாப்பாடும் சாப்பிட்டேன். அவர் இடத்துக்குத் தலைவரின் கார் டிரைவர் சான்றிதழோடு வந்து உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வாயெல்லாம் ஜில்லென்று இனித்தது. பற்பசை. நான் அப்படியே நின்றுவிட்டேன். காப்பி கசந்தது. உப்பு கரித்தது. சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தேன், உடனே மூடிக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்தால் மாமனாருக்குத் தெரியும். மாமனாருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். சான்றிதழ் பொய்யாகிவிடும், ருசி தெரிகிற நாக்குக்கு எங்கே இடம் என்பதும் எனக்குத் தெரியும். எட்டு மாதம் ருசி தெரிகிற மாதிரி நடித்தவன், இனி ஐந்து வருஷம் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும்.

அன்றைக்கென்று பார்த்துப் பனிக்காலச் சிறப்புப் பானம் வந்தது. சூடான வெங்காயப் பால். மேலே புதினா தூவியிருந்தார்கள்.

ஒரு வாய் குடித்தேன். நான் பெற்ற தண்டனையை விரோதிக்குக்கூடக் கொடுக்க மாட்டேன். தொண்டை அதை வாங்க மறுத்து வாயிடம் திருப்பி அனுப்பியது. வாய் மறுபடி தொண்டைக்கு அனுப்பியது. இப்படி இரண்டு தடவை போய்வந்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். கண்ணைத் திறந்தபோது மற்றவர்களைப் பார்த்தேன். இரண்டாம் நாக்குக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. டிரைவர் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைவருக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"தூசி," என்றார் தலைவர்.

"ஆமாம் சார், ரொம்பத் தூசி," என்றார் இரண்டாம் நாக்கு.

எல்லோருக்கும் தெரிகிறது. எல்லோருக்கும் எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நான் ஒருவன்தான் நடுவில் கொஞ்ச நாள் யோக்கியனாக இருந்திருக்கிறேன். மூன்று பேரும் என் பேனாவின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு போட்டிருந்தால் எல்லோரும் தப்பித்திருப்போம். நான் எட்டு போட்டேன்.

கடைக்கு வந்த முதல் நாளே வரிசை தெருமுனை வரை நின்றதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சமையலறையில் ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மூஞ்சி வாடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"என் நாக்குக்கு ஏதோ ஆயிடுச்சுங்க. நாலு நாளா குடிச்சுப் பாக்கறேன், வாயில வைக்க முடியல."

"அப்போ வேண்டாம்னு வெச்சிடு."

"எப்படிங்க? உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. மத்தவங்களும் எட்டு போட்டிருக்காங்களே. பக்கத்து வீட்டுல, எதிர் வீட்டுல, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. அத்தனை பேருமா தப்பு சொல்வாங்க?"

உப்பையும் சர்க்கரையையும் வைத்து என் நாக்கைச் சோதித்தவள் அவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் முகம் தெளிந்துவிடும். பெரிய பித்தளைப் பலகை ஞாபகம் வந்தது.

"டாக்டர்கிட்ட வேணா காட்டலாம்," என்றேன்.

எங்கள் தெரு டாக்டரிடம் எங்களுக்கு நாற்பத்து மூன்றாம் டோக்கன். உட்கார இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு மூலையில் இருந்தார். எதிர் வீட்டு அக்கா எங்களைப் பார்த்ததும் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். யாரும் யாரிடமும் என்ன உடம்புக்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் முறை வந்தது. டாக்டர் என் மனைவியின் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பாதி குடித்த வெங்காயப் பால் பாட்டில் இருந்தது.

"நீங்கதானே சார் அந்த முதல் நாக்கு? உங்க மாமனார் சொல்லியிருக்கார்," என்றார் தணிந்த குரலில். "மனசைத் தொட்டுச் சொல்லுங்க. இது நிஜமாவே நல்லா இருக்கா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"எட்டு," என்றேன்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். எங்களுக்கு முன்னால் வந்த நாற்பத்திரண்டு பேருக்கும் எழுதிய அதே மாத்திரையை என் மனைவிக்கும் எழுதிக் கொடுத்தார். பிறகு இன்னொரு சீட்டைக் கிழித்து, தனக்கும் ஒன்று எழுதிக்கொண்டார்.